பழைய புடவையும் பழனி மொட்டையும்

போன மாதம் கோயில் கேன்டீனில் ஒரு பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டேன். மூன்றே வார்த்தை. கேட்காமல் இருந்திருக்கலாம்...

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். நாலு பேர் கூடினால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அதனால் தைக்கிறேன். கிழிந்த புடவை, சாயம் போன நைட்டி, முழங்கை நைந்த சட்டை — எதையும் குப்பையில் போடுவதில்லை. நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, குழாய் மாதிரி தைத்து, ஊக்கு மாட்டி உள்பக்கத்தை வெளியே இழுத்து, எலாஸ்டிக் நுழைத்து முடிச்சுப் போட்டால் தலைமுடிக்கு ஒரு பேண்ட் தயார். ஸ்க்ரன்ச்சி என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மகன் கோயிலில் இறக்கிவிடும்போது ஒரு பை நிறைய எடுத்துப்போவேன். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் ஒன்றை நீட்டுவேன். அதுதான் என்னுடைய ‘சௌக்கியமா?’

சுகந்தி மட்டும் எப்போதும் இரண்டு எடுப்பாள். “ஒண்ணு தாங்காது ஆன்ட்டி” என்பாள். அப்படி முடி. பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரும் டெக்சாஸில் பேர்லேண்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டி, “போடுங்க” என்று அவள் சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன்.

இரண்டு மாதமாக ஆளைக் காணோம். பிறகு அந்த ஞாயிறு, தலையைச் சுற்றித் துப்பட்டாவோடு வந்தாள். இட்லித் தட்டை மேசையில் வைக்கக் குனிந்தபோது துப்பட்டா நழுவியது.

மொட்டை.

எனக்கோ சந்தோஷம். என்ன தோன்றியதோ, வாயைத் திறந்துவிட்டேன்.

“பழனியா கண்ணு, திருப்பதியா?”

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். “பழனி, ஆன்ட்டி.”

மேசையில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். “சொல்லாமக் கொள்ளாம இண்டியா போயிட்டு வந்துட்டியா? பஞ்சாமிர்தம் எங்கடி?” என்றாள் ஒருத்தி. “உனக்கு மொட்டை சூட் ஆகுது. நான் போட்டா குடமிளகாய்க்குப் பொட்டு வெச்ச மாதிரி இருக்கும்” என்றாள் இன்னொருத்தி. சுகந்தியும் சிரித்தாள். என் பங்குக்கு நானும் இரண்டு பேண்டை அவள் கையில் வைத்து, “முளைச்சதும் போட்டுக்கோ” என்றேன். விரல்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். மகனும் மருமகளும் ஆபீஸில் இருந்தார்கள். சோபாவின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள்.

“ஆன்ட்டி, நான் பழனிக்குப் போகல.”

மார்பில் கட்டி. மூன்று கீமோ முடிந்திருக்கிறது, இன்னும் மூன்று பாக்கி. கோயில் பக்கம் யாருக்கும் சொல்லவில்லை.

“முளைச்சதும் போட்டுக்கோன்னு வேற சொன்னேனே கண்ணு...”

“இல்ல ஆன்ட்டி. நீங்க கேட்டது நல்லாதான் இருந்துச்சு. ஆபீஸ்ல, கடையில, பார்க்கிங் லாட்ல... யாரு பாத்தாலும் ஒடனே மூஞ்சி மாறிடுது. நம்ம கோயில்ல மட்டும்தான் மொட்டைன்னா வேண்டுதல். ஒரு அரை மணி நேரம் நான் பேஷன்ட்டா இல்லாம இருந்தேன்.”

ஒரே மொட்டைத் தலை. வெளியே அது நோய், கோயிலுக்குள் நேர்த்திக்கடன். தலைக்கு என்ன தெரியும்?

அவள் வந்த காரணம் வேறு. “விக் வெச்சா இந்த டெக்சாஸ் வெயிலுக்கு வேகுது. கடையில வாங்கின குல்லாவோட தையல் குத்துது. பழைய துணியில ஏதாவது தெச்சுக் குடுப்பீங்களா?”

என்னிடம் ஒரு சுங்குடிப் புடவை இருந்தது. துவைத்துத் துவைத்து நைந்து, கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. பேண்ட் தைக்க ஒதுக்கி வைத்திருந்தேன். அளவெடுக்க டேப்பை அவள் தலையைச் சுற்றி வைத்தேன். கைக்குக் கதகதவென்று இருந்தது, கைக்குழந்தையின் தலை மாதிரி. எத்தனையோ பேருக்கு பேண்ட் தைத்துக் கொடுத்திருக்கிறேன்... ஒருவர் தலையையும் அதுவரை தொட்டதில்லை.

தையல் குத்தாமல் இருக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி. மடிப்பை உள்ளே மறைக்காமல் வெளிப்பக்கம் விட்டுவிடுவது. பார்க்கத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். இருந்தால் இருக்கட்டும்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னாள். “ஒண்ணுதான் ஆன்ட்டி மனசுல கெடந்து உறுத்துது. மருந்து, ஸ்கேன் எல்லாம் டாக்டர் பாத்துக்குவாங்க. ஆனா சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன். அதுவும் கோயில்லயே. இந்த நேரத்துல போய்... அதனால ஏதாவது...”

முடிக்கவில்லை.

பொய் அவளுடையது. அதை அவள் வாயில் எடுத்துக் கொடுத்தது யார்?

“கேட்டது நான். கேக்கறதா இருந்தா முருகன் என்னைக் கேக்கட்டும்” என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

லேசாகச் சிரித்தாள். “வேண்டாம் ஆன்ட்டி. சொன்னதை நெசமாக்கிடலாம்னு இருக்கேன். எல்லாம் முடியட்டும், பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கறேன். ஆனா...” தலையைத் தடவிக்கொண்டாள். “குடுக்கறதுக்கு முடி வேணுமே.”

நான் மெஷினை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த வாரம் நாலாவது கீமோ. நான் தைத்த குல்லாவைப் போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறாள். எனக்கு அலங்காரமாக வேண்டிக்கொள்ளத் தெரியாது. தினமும் விளக்கேற்றும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்.

முருகா, கொடுப்பதற்காவது கொடு.