புவனேஸ்வரி சேர்த்த வைரம்

பிள்ளையார்பாளையத்தில் அந்த நெசவாளர் தெருவில் வைரம் வைத்திருந்தவள் புவனேஸ்வரி ஒருத்திதான். எல்லாம் போனுக்குள் இருக்கிற வைரம். தீவில் ஐம்பது பேர் குதித்து, ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயிக்கிற கேம் அது. அதில் நல்ல உடுப்பு வேண்டுமென்றால் வைரம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மற்றவர்கள் வந்த அன்றைக்கே தொலைத்துவிட்டு விழிப்பார்கள். இவள் ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ரகம்.

அவளுக்கென்று சட்டங்கள் உண்டு. இலவசக் காசுக்குக் கிடைப்பதை வைரம் கொடுத்து வாங்கக் கூடாது. ஸ்பின் என்கிற அதிர்ஷ்டச் சக்கரத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. முதல் சுற்று மலிவாக இருக்கும், ஐந்தாவது சுற்றில் கோவணத்தையும் உருவிவிடும். எதையும் வந்த அன்று வாங்கக் கூடாது, கடைசி நாள் விலை இறங்கும். மாதக் கட்டணம் கட்டியிருந்தால் தினமும் எட்டு வைரம் வரும், ஆனால் அன்றன்றைக்கே திறந்து எடுத்துவிட வேண்டும். மறந்தால் அந்த நாளுடையது போச்சு.

அவர்கள் அணியில் மூன்று பேர். புவனேஸ்வரி, அவள் புருஷன் ஜெயக்குமார், பின்தெரு சுகாசினி. ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிற சுகாசினிக்கு வைரம் கையில் தங்காது.

"அக்கா, முந்நூறு வைரம் ஸ்பின்ல பூடுச்சுக்கா."

"அந்தப் பக்கம் போவாதேன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கினு இருக்கேன்? உனக்குக் காதா, மத்தளமா?" என்று திட்டிவிட்டு, தன் பங்குக்கு வந்த துப்பாக்கியை விளையாட்டில் அவளுக்கே விட்டுக்கொடுப்பாள் புவனேஸ்வரி.

பதினோரு மாதம் அவள் சேர்த்தது ஒரே ஒரு பொருளுக்காக. தீபாவளிக்கு வருடாவருடம் கேமில் ஒரு ஜோடி உடுப்பு வரும். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. ஜோடியாக நின்றால் இரண்டின் கரையிலும் விளக்கு எரியும். கல்யாணமாகி ஆறு வருஷம். ஊர் உலகத்துக்கெல்லாம் முகூர்த்தப் பட்டு நெய்து கொடுத்தவர்கள், தாங்கள் இருவரும் ஜோடியாக ஒரு நல்ல துணி உடுத்தி நின்றதில்லை. கேமிலாவது நிற்கலாமே என்று ஆசை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். முதல் நாள் விலை இரண்டாயிரத்து நானூறு. கடைசி நாளில் எப்படியும் இரண்டாயிரத்துக்குக் கீழே வரும் என்று அவளுக்குத் தெரியும். உடுப்பு வருவதற்கு முந்தின ராத்திரி கையில் இரண்டாயிரத்து நானூற்று எழுபது இருந்தது.

இனி அவள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். இவர்களுடையது கோர்வைத் தறி, உடலையும் கரையையும் தனித்தனி இழையில் நெய்து கோக்கிறது. புடவையின் உடலுக்கு ஜெயக்குமார் குறுக்கிழை ஓட்டுகிற நாடாவை விடுவான், வலது கரைக்கு அவள் விடுவாள். ஒருவர் கை நின்றால் மற்றவர் கையும் நிற்கும். நாளெல்லாம் அவன் கையை நம்பியே பழகியவள். தெருவில் பாவு போடுகிற நாளில் விடிந்ததிலிருந்து அவளுக்குக் கஞ்சியில்தான் வேலை. நீளமாக இழுத்துக் கட்டிய பட்டிழைகளுக்குக் கஞ்சி தோய்த்து, அறுந்ததை முடிச்சுப் போட வேண்டும். கஞ்சி பட்ட விரலுக்குப் போன் திறக்காது. ஜெயக்குமார் பாவின் அந்தக் கோடியில் கயிறு பிடிக்கிறவன், ஈரம் படாத கை. அதனால் அவன் கட்டைவிரலையும் தன் போனில் பதிந்து வைத்தாள். பாவு நாளில் வைரம் எடுப்பது அவன் பொறுப்பு. பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கட்டின புருஷனை யார் பூனை என்று நினைப்பார்கள்?

இந்த வருடம் ஜோடி உடுப்பு வந்த அன்றைக்கே இவர்களுக்குப் பாவு நாளும் வந்தது.

"எடுத்துட்டீங்களா?" என்று காலையில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து கத்தினாள்.

"எடுத்துட்டேம்மா!" போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

பதினோரு மணிக்குக் கை கழுவிவிட்டு, உடுப்பு எப்படி இருக்கிறதென்று பார்க்கத் திறந்தாள். வைரம் எழுபத்தெட்டுதான் இருந்தது. பரிசு அனுப்பிய பட்டியலில் ஆண் உடுப்பு ஜெயக்குமாருக்குப் போயிருந்தது. ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது அவளுக்கு. முந்திக்கொண்டு வாங்கிவிட்டானே, அதுவும் முழு விலைக்கு, பைத்தியக்காரன்! தன்னுடையதைத் தேடினாள். தன் அலமாரியில் இல்லை. பட்டியலில் அடுத்த வரியில் இருந்தது. பெண் உடுப்பு, பெறுபவர் சுகாசினி, நேரம் காலை ஆறு பத்து. கூடவே ஒரு குறிப்பு: 'இனி நம்ம ஜோடி.'

ஆறு பத்துக்குத்தான் அவள் கத்திக் கேட்டாள்.

ஜெயக்குமார் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னா புவனா இது, வெறும் கேம் டிரஸ்ஸு. அந்தப் பொண்ணு ஆசப்பட்டுக் கேட்டுது."

"நானும்தான் ஆசப்பட்டேன். பதினோரு மாசமா உங்க பக்கத்துலயே குந்திக்கினு ஆசப்பட்டேன். நம்ம ஜோடின்னு எழுதினது கேமா, நீங்களா?"

அவன் கயிற்றை ஆணியில் மாட்டத் திரும்பினான். இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததுதான் அவளை அறுத்தது. கஞ்சியோடு தான் தெருவில் நின்ற நேரம் பார்த்து, தான் சேர்த்ததை எடுத்தே தன்னைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள், புருஷனும், அக்கா அக்கா என்று வந்தவளும். சாயங்காலமே அவன் கைரேகையைப் போனிலிருந்து அழித்தாள்.

நான்காம் நாள் புதுப் பாவில் தறி ஓடியது. கோர்வையைத் தனியாக நெய்ய முடியாது, அதனால் உட்கார்ந்தாள். அவன் விட்டான், அவள் விட்டாள். மத்தியானம் நாடாவை வைத்துவிட்டு, சமாதானத்துக்கு வழி கிடைத்தவன்போல் அவள் போனை எடுத்தான்.

"இன்னிக்கு வைரம் நீ எடுக்கலியே, நான் எடுத்து வக்கிறேன்."

கட்டைவிரலை வைத்தான். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். பாவு நாளிலேயே கஞ்சி தொடாத கை.

"தொறக்க மாட்டேங்குதே, புவனா."

அவள் கரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கையில கஞ்சி ஒட்டிக்கினு இருக்கும். போய்க் கழுவிக்கினு வாங்க."