பசூனுக்கு ஆள் தேடிய கதை

நாணல் சீவாளியை வாயில் ஊறப்போட்டுக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிற தொழில் எங்களுடையது. வாத்தியத்தைக் கையில் எடுத்ததும் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படுகிற சத்தம் கேட்டவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

தீர்ப்பு

சித்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபை பீரோவில் இரண்டு வாத்தியங்கள் உண்டு. ஒன்று ஓபோ. பார்க்கக் கிளாரினெட் மாதிரி கருப்புக் குழல், ஊத நாதஸ்வரம் மாதிரி இரட்டைச் சீவாளி. இன்னொன்று பசூன், அதன் கட்டைக்குரல் அண்ணன். நிறுத்தினால் என் நெஞ்சுவரை வரும். எப்போதோ மிஷன்காரர்கள் விட்டுப்போனவை.

ஓபோவைச் சனிக்கிழமைதோறும் சென்னைக்குப் பஸ் ஏறிப்போய்க் கற்றுக்கொண்டேன். பசூனிலும் அடிப்படை மட்டும் தெரிந்துகொண்டேன். ஆனால் ஒருவன் ஒரு வாய் வைத்துக்கொண்டு இரண்டையும் ஊத முடியுமா? ஈஸ்டர் முடிந்த கையோடு கமிட்டி செக்ரட்டரி தேவசகாயம் அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார்: "கிறிஸ்மஸுக்குள்ள ஒரு ஆள புடி தம்பி. இல்லன்னா ரெண்டையும் குடுத்துட்டு கீபோர்டு எடுத்துடலாம்."

ரோடு

முதலில் வடமாலபேட்டைக்குப் போனேன். அங்கே கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிக்கிற சாலமோன் எங்கள் சபைக்காரன்தான். ஆசைகாட்டலாம் என்று சின்ன வாத்தியத்தை முதலில் கொடுத்தேன். வாங்கியதும் பழக்கதோஷத்தில் வாசித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டான். பேண்டுக்காரனுக்கு உட்கார்ந்து வாசித்தால் கை ஓடாது போலிருக்கிறது.

பத்தடி போயிருப்பான். ஒரு பள்ளத்தில் கால் இறங்கியது, சீவாளி பல்லில் மோதியது. நான் மூன்று நாள் உட்கார்ந்து சீவிய சீவாளி இரண்டாகப் பிளந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாலமோன் உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "வாத்தியம் நல்லாத்தான் கீது மாஸ்டர். மொதல்ல ரோட்ட போட சொல்லுங்க, அப்பறம் வாசிக்கிறேன்."

மூச்சு

இரட்டைச் சீவாளியின் அருமை நாதஸ்வரக்காரருக்குத் தெரியாமலா போகும் என்று திருப்பதியில் ஒரு வித்வானைப் பார்த்தேன். மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுத்தார். ஓபோவை வாங்கி ஊதினார். அவர் தம்முக்கு அது கீச்சென்று கத்தி அடைத்துக்கொண்டது.

ஓபோவின் துவாரம் ஊசிக்காது மாதிரி, கொஞ்சம் காற்றுதான் போகும், மிச்ச மூச்சை நெஞ்சிலேயே அடக்கிவைத்து நடுவில் வெளியே விடவேண்டும் என்று விளக்கினேன். பசூனைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை, அதற்குள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இவ்ளோ மூச்ச உள்ளயே அடக்கி வெச்சிக்கினு எப்டி சார் சந்தோஷமா இருக்கீங்க?"



சிவப்பு மரம்

ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லை, பேண்டுக்கு வேலை இல்லை. சாலமோனே போன் செய்தான்: உட்கார்ந்து வாசிக்கிற பெரிய வாத்தியம் என்றால் கற்றுக்கொள்கிறானாம். பசூனைப் பெட்டியோடு பைக்கில் கட்டிக்கொண்டு பறந்தேன். புத்தலப்பட்டு தாண்டி ஒரு செக்போஸ்டில் நிறுத்தினார்கள்.

பெட்டிக்குள் துண்டுதுண்டாக, சாயம் போட்ட சிவப்பு மரம். எங்கள் பக்கத்தில் சிவப்பு மரத்தை மூடிய பெட்டியில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. "எர்ரசந்தனமா?" கடத்தல் செம்மரமா என்று கேட்டு நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். வாத்தியம் என்றேன். "அயிதே வாயிஞ்சு", அப்படியானால் வாசித்துக் காட்டு என்றார் கான்ஸ்டபிள்.

வெயிலில் நின்று துண்டுகளைப் பொருத்தி, சீவாளியை ஊறவைத்து, முகம் சிவக்க ஒரு கீழ்ஸ்தாயி சுரம் பிடித்தேன். படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. கான்ஸ்டபிள் பெட்டியைத் தானே மூடிக் கொடுத்தார்: "போ சார், போ. மரம் கடத்துறவன்கூட இவ்ளோ கஷ்டப்பட மாட்டான்."

கிறிஸ்மஸ்

சாலமோன் கற்றுக்கொண்டான்! ஐந்து மாதம், உதடு வீங்க வீங்க. மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் கிறிஸ்மஸ் ஆராதனைக்குத் தடையில்லாமல் வந்தான். நான் மேலே ஓபோ, அவன் கீழே பசூன், நாலு சரணம். ஒரு சுரம் பிசகவில்லை. கடைசிச் சரணத்தில் எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. இந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை பாடும்.

ஆராதனை முடிந்ததும் தேவசகாயம் அண்ணன் என் கையை இறுகப் பிடித்தார். சொன்னபடி ஆளைப் பிடித்துவிட்டேன், இனி பீரோ சாவி என்னிடம்தான் என்று நினைத்தேன். "ரொம்ப நல்லா இருந்துச்சி தம்பி. அந்தக் கீபோர்டுல இந்த ரெண்டு சத்தத்துக்குமே பட்டன் கீதாம், விசாரிச்சிட்டேன்."

பட்டன்

பொங்கலுக்குள் வாத்தியங்கள் போய்விட்டன, கீபோர்டு வந்துவிட்டது. அதை வாசிக்கச் சுரம் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே? கமிட்டி தேடவே இல்லை. பசூனுக்காக நான் சுரம் படிக்கக் கற்றுக்கொடுத்த ஆள் தயாராக இருந்தான். முதல் ஞாயிறு என்னைப் பார்த்ததும் சாலமோன் கூச்சத்தோடு எழுந்து நின்றான். உதடு நன்றாக ஆறியிருந்தது. "கோச்சிக்காதீங்க மாஸ்டர். இத வாயில ஊறப்போட வேணாம், பாருங்க."

இப்போது எங்கள் சபையில் ஓபோவும் பசூனும் வாரம் தவறாமல் ஒலிக்கின்றன, நான் முன்வரிசையில் உட்கார்ந்து மிச்ச மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன்.