உள்ளே யாரென்று தெரியாத கண்ணாடி

"நாலு நாளு ஓட்டுவியா மக்கா? பெறவு வெயிலு, தலைவலிண்ணு வண்டிய மூடிப் போட்டிருவே" என்றார் மாமா. நான் வாங்கிய பழைய காரைக் கொட்டாரத்தில் எங்கள் வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்திய அன்று சொன்னது. மாமா என் அம்மாவின் அண்ணன், வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நான் கல்லூரியில் சேர்ந்தபோதும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். அம்மாவும் இறந்துபோன அப்பாவும் பள்ளிக்கூடத்தில் கால் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இன்று நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் கண் பரிசோதனை செய்கிறேன். அந்தக் கார் என் சம்பளத்தில் வந்தது.

வெயில் விஷயத்தில் மட்டும் மாமா சொன்னது பொய்யில்லை. மருத்துவமனை வளாகத்தில் நிழல் கிடையாது. சாயங்காலம் கதவைத் திறந்தால் அடுப்புக்கு முன்னால் குனிந்தது போல முகத்தில் அடிக்கும். ஸ்டியரிங்கைத் தொட முடியாது. கொட்டாரம் வந்து சேரும்வரை மேற்கு வெயில் வலது தோளிலேயே உட்கார்ந்திருக்கும். வலது கை இடது கையைவிட ஒரு நிறம் கறுத்துவிட்டது. கண்ணாடிக்கு பிலிம் ஒட்டலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். பெரிய காரியம் எதுவானாலும் அண்ணனைக் கேட்பது அம்மாவின் வழக்கம். மறுநாளே மாமா வந்துவிட்டார். தனக்குத் தெரிந்த கடை இருக்கிறது என்று அவருடைய காரிலேயே என்னைக் கூட்டிப் போனார்.

மாமாவின் காருக்கு நாலு பக்கமும் கறுப்பு. அதன் கண்ணாடியை இறக்கி நான் பார்த்ததில்லை. உள்ளே பழைய ஏசிக் காற்றும் அத்தரும், என்றோ சிந்திக் காய்ந்த மீன்குழம்பும் கலந்து ஒரு நாற்றம். காலடியில் பாதி நிரம்பிய பாட்டில் ஒன்று உருண்டது. தண்ணீர் என்று நினைத்து எடுத்தேன். வெற்றிலை எச்சில். வீட்டுக்குப் போய் எத்தனை தடவை கழுவியும் அந்தக் கையால் சாப்பிட மனம் வரவில்லை.

வழியில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று வட்டக்கோட்டைப் பக்கம் திரும்பினார். கோட்டைக்குப் போகும் சாலையோரம் இன்னொரு கறுப்புக் கண்ணாடிக் கார் எஞ்சின் ஓடியபடி நின்றது. மாமா ஹாரன் அடித்தார். கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கியது. முகம் தெரியவில்லை. ஒரு கை மட்டும் வெளியே வந்து கோழி எலும்புகளை மணலில் உதறியது. சாராய வாடை எங்கள் வண்டிவரை வந்தது. அதே கை மாமாவுக்கு வணக்கம் போல ஒன்றைக் காட்டிவிட்டு உள்ளே போனது, கண்ணாடி ஏறியது. அந்த மணலில் குடும்பங்கள் பிள்ளைகளோடு நடந்து போய்க்கொண்டிருந்தன. கறுப்புக் கண்ணாடி எதற்கு என்று எனக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைக்காரர் மாமாவுக்கு நாற்காலி போட்டார், மாமாவிடம் பேசினார். கேள்வி கேட்டது நான், பதில் போனது மாமாவுக்கு. பக்கக் கண்ணாடி வழியாகப் பாதி வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்பது விதி. அந்த விதிக்குள் அடங்குகிற, வெப்பத்தைத் தடுக்கிற பிலிம் வேண்டும் என்றேன். அவர் ஒரு சூட்டு விளக்கைப் போட்டு, முன்னால் ஒவ்வொரு துண்டாகப் பிடித்துக் காட்டினார். மாமா விரும்பிய கறுப்புக்குப் பின்னால் கையை வைத்தேன், சுட்டது. கிட்டத்தட்ட நிறமே இல்லாத ஒரு துண்டுக்குப் பின்னால் வெதுவெதுப்புதான். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கறுத்த கண்ணாடியெல்லாம் கண்ணைக் காக்காது என்று தினமும் நோயாளிகளிடம் சொல்லுகிறவள் நான்.

நிறமில்லாததே போதும் என்றேன். கடைக்காரர் சிரித்தார். "அது ஒட்டினதே வெளிய தெரியாதே. பெறவு என்னத்துக்கு ஒட்டணும்?"

"பொம்பளப் பிள்ள ஓட்டுக வண்டி. உள்ள யாருண்ணு தெரியாண்டாம்" என்றார் மாமா. போலீஸ் மறித்தால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. "முன்கண்ணாடியில பெரிசா ஒரு பைபிள் வசனம் ஒட்டிக்கிடணும். கோயில் வண்டிண்ணு நெனைச்சு விட்டிருவான், கேட்டியா."

ஆண்டவருடைய வார்த்தையைக் குற்றத்துக்குத் திரையாகத் தொங்கவிடுகிற யோசனை. சொல்லிவிட்டு அவர் டீயை உறிஞ்சினார். நிறமில்லாத பிலிமைத்தான் ஒட்ட வேண்டும் என்று கடைக்காரரிடம் இரண்டு முறை அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை வண்டியைக் கடையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் திரும்பிப் போனபோது என் கார் நாலு பக்கமும் கறுத்து நின்றது. முன்கண்ணாடியின் உச்சியில் மஞ்சள் எழுத்தில் வசனம். மாமா போன் பண்ணினார், வீட்டில் பேசியாயிற்று என்று சொன்னார் என்றார் கடைக்காரர். கடையை அடைக்கும் நேரம் அது. இருட்டுகிற வேளையில் பக்கக் கண்ணாடி வழியாக எதுவும் சரியாகத் தெரியாமல், ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை ஊரவிட்டு வீடு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. புதிதாக வண்டி வாங்கினால் ஆராதனை முடிந்ததும் போதகர் வந்து வண்டியில் கை வைத்து ஜெபிப்பது எங்கள் சபையில் வழக்கம். அம்மா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால் தள்ளிப்போட முடியவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு கோயில் முற்றத்தில் நிறுத்தினேன். ஜெபம் முடிந்து அம்மா மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் வந்து, "நேத்து அந்திக்கு ஒங்க அண்ணன் இந்த வண்டிய பைய ஓட்டிட்டு வந்தத பாத்தேன். நல்ல கை" என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையை ஆட்டினாள். "ஓம், அண்ணன்தான்."

வீட்டுக்கு வந்து கேட்டேன். மறைக்கவில்லை அம்மா.

"நாந்தான் கறுப்பு ஒட்டச் சொன்னேன் மக்ளே. ஒன்ன கெட்டிக்கிட்டுப் போகப்போறவங்க, தனியா வண்டி ஓட்டிட்டு நடக்கியாண்ணு கேப்பாங்க. அண்ணன் ஓட்டுகாருண்ணா ஒரு பேச்சும் வராது."

"அப்போ நான் எங்கம்மா?"

"உள்ளதான் இருக்கே. யாரு இல்லேண்ணா?"

மாமாமேல் எனக்கு இருந்தது வெறும் அருவருப்பு. இது அதைவிட ஆழமாக இறங்கியது. பெயரெழுதத் தெரியாத அம்மா என் விரலைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, நான் சம்பாதித்ததை இன்னொருவர் பேரில் ஊருக்குக் காட்டவா? அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். அழுகையைப் பார்த்தால் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

காரை எடுத்து உச்சிவெயிலில் நிறுத்தினேன், கண்ணாடிகளை ஏற்றி. பசை இளகும்வரை காத்திருந்தேன். பிறகு நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி இழுத்தேன். பாம்புச் சட்டை போல நீளமாக உரிந்து வந்தது, பாதியில் கிழிந்தது, மறுபடி இழுத்தேன். பசை விரலிடுக்கெல்லாம் ஒட்டி, அதில் தூசியும் முடியும் சேர்ந்து, என் கையே யாருடையதோ போல அசிங்கமாக இருந்தது. வசனத்தையும் எடுத்தேன். அதற்குக் கை கூசவில்லை. அம்மா வாசலில் நின்று பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டி, வண்டிக்கு என்ன கேடு என்று விசாரித்தாள். கேடு ஒன்றுமில்லை, நேற்று ஓட்டிவந்ததும் நான்தான், இனி ஓட்டப்போவதும் நான்தான் என்றேன். அம்மா உள்ளே போய்விட்டாள்.

இன்று திங்கள். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கடை திறக்கும்போதே வந்துவிட்டேன். உரித்த கறுப்பைச் சாக்கோடு மேசைமேல் வைத்தேன். நாற்காலியை நானே எடுத்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரரின் போன் அடித்தது, மாமா. எடுக்கட்டுமா என்பது போல அவர் என்னைப் பார்த்தார். வேலை முடிந்து பேசுங்கள் என்றேன். ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடிக்கு நிறமில்லாத பிலிம் ஒட்டி முடித்தாயிற்று. இப்போது அடுத்ததைத் துடைக்கிறார்.