பார்க்காமல் சொன்ன நிறம்

போன ஐப்பசி மழையில் நடந்தது இது. நான் துடியலூர்ப் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் வேலை செய்கிறேன். மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக என் மனைவி அந்தியூர் போயிருந்தாள். வீட்டில் நானும் அவள் வளர்க்கும் கோழிகளும்தான். தாய்க்கோழிகள் மூன்று, இரண்டு மாதக் குஞ்சுகள் பதினொன்று. "கொளந்தைங்க மாதிரி பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

ஒரு வாரம் நன்றாக இருந்தன. பிறகு இரண்டு குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஒதுங்கி நின்றன. தீனி எடுக்கவில்லை. கழிச்சல் என்று மட்டும் தெரிந்தது. வேலை முடிந்து வந்ததும் கூண்டுக்குள் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுப் படுத்துவிடுவேன். எச்சத்தைக் குனிந்து பார்க்க உடம்பில் தெம்பு இருக்காது.

ஒன்று செத்த பிறகு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆஸ்பத்திரி என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"வெள்ளையாப் போகுதுங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். பின்னால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர்.

"ஆமாங்க" என்றேன்.

"பச்சையும் கலந்திருக்குதுங்களா?"

அதற்கும் "ஆமாங்க". யார் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான்.

அப்படியானால் அது வெள்ளைக் கழிச்சல், அதைக் குணமாக்க மருந்து இல்லை, தாங்குவது தாங்கட்டும் என்று சொல்லி, தெம்புக்குச் சொட்டு மருந்து தந்தார். நானும் விதி என்று விட்டுவிட்டேன். அடுத்த மூன்று நாளில் நான்கு போயின. மனைவி போனில் கேட்கும்போதெல்லாம், "நல்லா மேயுது அம்மணி" என்றேன்.

நான்காம் நாள் காலை ஒரு குஞ்சைத் தூக்கினேன். உள்ளங்கையில் ரத்தம். கூண்டில் பேப்பர் விரித்துப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு. அதை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பவும் வரிசையில் நின்றேன்.

"அன்னிக்குப் பாக்காமயே சொல்லிப்போட்டனுங்க."

டாக்டரம்மா பேப்பரைப் பார்த்தார். "இது ரத்தக் கழிச்சலுங்க. மருந்து இருக்குது. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கண்ணா, நான் என்ன அடிக்கவா போறேன்?" பிறகு, "கூண்டுல ஈரம் இருக்குதுங்களா?" என்றார்.

"தெனமும் நாந்தானுங்க தண்ணி ஊத்துறேன்" என்றேன். அந்த ஈரத்தில்தான் நோய் பெருகுமாம்.

ஐந்து நாள் குடிதண்ணீரில் மருந்துப் பொடியைக் கலந்து வைத்தேன். வேறு தண்ணீர் காட்டவில்லை. நோய்ப்பட்டதைத் தனியாகப் பிரித்தேன். ஈரத்தைச் சுரண்டி எறிந்து, காய்ந்த மரத்தூள் போட்டேன். இன்னும் ஒன்று செத்தது. ஐந்து பிழைத்தன.

மனைவி வந்ததும் எண்ணிப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். "தெனமும் மேயுது மேயுதுன்னீங்களே, எங்கீங்க, மேலோகத்துலயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை கூடத் திட்டியிருக்கலாம்.

இப்போதெல்லாம் டீ குடிக்கும் முன்பே கூண்டருகே குனிந்து பார்த்துவிடுகிறேன். யாராவது தெரியாததைக் கேட்டால், தொண்டை வரை வந்த "ஆமாங்க"வை விழுங்கிவிட்டு, "பாக்கலீங்க" என்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு செத்த ஐந்தும் இன்று வாசலில் கிளறிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு ஒவ்வொரு முறையும் கூடவே வருகிறது.