குடுவைக்குள் வளர்ந்த தோல்

தீக்காயப் பிரிவின் பின்பக்கத்துக் கண்ணாடி அறையில் வேலை பார்ப்பவளுக்குத் தெருவில் பெயர் தோல்காரி. வைத்தவன் அவள் புருஷன்தான். "அவனவன் நாய் வளக்கறான், மீன் வளக்கறான். என் பொண்டாட்டி தோல் வளக்கறா!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

பொய்யில்லை. உடம்பில் பெரும்பகுதி வெந்துபோனவர்களுக்கு ஒட்டுப்போடச் சொந்தத் தோல் பற்றாது. தீப்படாத இடத்திலிருந்து தபால்தலை அளவு வெட்டி அவளிடம் தருவார்கள். அவள் செல்களைப் பிரித்து, இளஞ்சிவப்புச் சத்துநீரோடு குடுவைகளில் விட்டு, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டருக்குள் அடுக்குவாள். அதன்பின் அவை தாமாகவே பெருகும். ஆணும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம். ஒவ்வொரு செல்லும் தன் மரபிழைகளை அச்சு அசலாகப் படியெடுத்துக்கொள்ளும். பிறகு உருண்டு திரளும். இழைகள் நடுவில் வரிசைகட்டி, ஆளுக்குப் பாதியாக இருபுறமும் விலகும். இடுப்பில் கயிறு போட்டு இறுக்கினாற்போல் நடு ஒடுங்கும். ஒன்று இரண்டாகிவிடும்.

ஒருமுறை ஒரு பாய்லர் ஆபரேட்டரின் தோல் வந்தது. நீராவிக் குழாய் வெடித்து முதுகு, நெஞ்சு, கையெல்லாம் வெந்துவிட்டது; தொடையில் எடுத்த தோல் மற்ற இடங்களுக்கே சரியாகப் போய், முதுகுக்கு மிச்சமில்லை. அவன் மனைவி வராந்தா பெஞ்சே கதியென்று கிடந்தாள். தோல்காரியைக் கண்டால் எழுந்துவிடுவாள்.

"அக்கா, இன்னிக்கு வளந்துச்சா?"

"வளருதும்மா. நீ போய் ஒரு வாய் சாப்பிடு."

ஒரு காலையில் இன்குபேட்டரைத் திறந்தாள். முன்வரிசைக் குடுவை ஒன்று மஞ்சளித்து, கலங்கிக் கிடந்தது. கிருமி! தோல் செல் ஒருமுறை பிளக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும்; கிருமிக்கு அரைமணியே அதிகம். அதுவும் ஒன்று இரண்டாகத்தான் பெருகுகிறது. ஆனால் இரண்டுக்கும் நடக்கும் ஓட்டத்தில் எது முந்தும் என்று அவளுக்குத் தெரியும்.

தன் கையால்தான் வந்ததா? கையுறையில் ஓட்டையா? மூடி சரியாக இறுகவில்லையா? அந்தக் குடுவையோடு அதே தட்டில் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள். மேல்தட்டில் இருந்தவை மட்டும் தெளிவாக இருந்தன. இப்போதைக்குத் தெளிவு.

சர்ஜன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"மிச்சமும் போச்சுன்னா?"

"முதல்லேருந்து ஆரம்பிக்கணும் சார்."

"அதுவரைக்கும் அவர் தாங்க மாட்டார்."

வராந்தாவில் அந்தப் பெண் எழுந்து நின்றாள். வளருகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தோல்காரி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"பாதிக்கு மேல கெட்டுப்போச்சும்மா. மிச்சத்தக் காப்பாத்தப் பாக்கறேன்."

அவள் அழவில்லை. "நீங்க பயப்படாதீங்கக்கா, கை நடுங்கும்" என்றாள். அதைக் கேட்டபின்தான் தோல்காரிக்குக் கை நிஜமாகவே நடுங்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட பிழைப்பு. இன்குபேட்டர் கதவைத் திறக்குமுன் கண்ணை மூடிக்கொள்வாள். நிறம் மாறியிருக்கிறதா? மைக்ரோஸ்கோப்பில் ஒரு தூசியைக் கண்டாலும் கிருமியோ என்று மறுபடி மறுபடி பார்ப்பாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. புருஷன்கூடக் கேலியை விட்டுவிட்டான். நல்லவேளை, செல்களுக்கு இவள் பயம் எட்டவில்லை. அவை பாட்டுக்கு உருண்டு, பிளந்து, பக்கத்துச் செல்லைத் தொட்டு, கல் பாவிய தரைபோல் குடுவையின் அடியை மூடிக்கொண்டு வந்தன.

கடைசியில் ஈரக் காகிதத்தைவிட மெல்லிய படலங்களாக அவற்றை உரித்து, அவன் முதுகில் ஒட்ட அனுப்பினாள். முதல் கட்டுப் பிரித்தபோது உள்ளே போக அவளுக்குத் துணிச்சலில்லை. கதவுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்பட்டையில் ஒட்டியது நழுவிப்போயிருந்தது. ஆறிய தொடையிலிருந்து மறுபடி தோல் எடுத்து அங்கே வைக்கவேண்டி வந்தது. மற்ற இடமெல்லாம் பிடித்துக்கொண்டது.

பல மாதம் கழித்து அவன் தானே நடந்து வந்தான், மனைவி பின்னால்.

"எல்லாம் சரிதான்க்கா, முதுகு மட்டும் வேர்க்கவே மாட்டேங்குது" என்று குறைப்பட்டான்.

"வேர்வைச் சுரப்பியெல்லாம் என்னால வளக்க முடியாதுப்பா" என்றாள் தோல்காரி. சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.