வெறுங்காலோட போட்ல ஏறுனது

வலை இழுக்கற விஞ்சு கயித்துல மாட்டி என் வலது காலு போச்சு. அன்னிக்கு பாத்து நல்ல வஞ்சிரம் வேற. அப்பால ஆஸ்பத்திரில குடுத்த செயற்கைக் காலு ஷூ குதி ஒசரத்துக்கு செஞ்சது. ஷூ போட்டா நிக்கும், ஷூவ கழட்டுனா ஆள பின்னால சாச்சிடும். எங்காளுங்க போட்ல செருப்பு, ஷூ போட்டுகினு ஏற மாட்டோம். கடலுக்கு மரியாத. அதனால கரையிலயே வலைக்கு ஒட்டு போட்டுகினு கெடந்தேன்.

கவர்மெண்ட்டு துட்டுல செயற்கைக் காலு ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒண்ணு காசிமேட்டுக்கு வந்துச்சு. "இந்தக் காலால என்ன கஷ்டம் தாத்தா?"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். வெறுங்காலுக்குன்னே பாதம் செஞ்சி, சாயறத பாத்து மாத்தி மாத்தி எடுத்தாந்துச்சு. லாபம் பாக்குற கம்பெனிக்காரன் எனக்காண்டி இவ்ளோ மெனக்கெடுவானா?

போட்ல இருந்து மச்சான் கத்துனான்: "ஏறு மாமு, வுழுந்தா மீனோட சேத்து அள்ளிக்கிறேன்!"

ஏறுனேன். ஆடுற பலகையில நேரா நின்னேன்.

"வலிக்குதா தாத்தா?"ன்னு கரையில இருந்து பொண்ணு கேட்டுச்சு.

நான் மச்சானாண்ட, "இஞ்சின போடுடா"ன்னேன்.