பெரட்டில் கேட்ட கையெழுத்துக் கதை

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எதைக் கேட்டாலும் முதலில் பயந்துவிடுவேன். அன்று எங்கள் பாச்சாங் வட்டாரக் காப்பிக்கடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் ஒரு பேங்க் விழுந்துவிட்டதாம், நாங்கள் தெருக்கூட்டும் நகராண்மைக் கழகத்தின் பணமும் அதில் இருக்கிறதாம். யாரையும் விசாரிக்காமல் எங்கள் வாட்சப் குழுவில் பேசிப் போட்டுவிட்டேன்: "இந்த மாசம் சம்பளம் இல்லலா!"

மறுநாள் காலை, பெயர் கூப்பிடும் பெரட்டில் எல்லாரும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நின்றோம். ரப்பர் தோட்டத்தில் இருந்த பழக்கம், பெரட்டு என்ற பேச்சு இன்னும் போகவில்லை.

எங்களை மேய்க்கும் மேற்பார்வையாளர், மண்டோர், கத்தினார். "எவ பொரளி கெளப்புனது? இன்னியோட அவளுக்கு வேலை இல்ல!"

அப்போது கணக்குப் பிரிவு அதிகாரி, யாழ்ப்பாணத்துப் பெண், காரிலிருந்து இறங்கி எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"உங்கட சம்பளம் அந்த பேங்கில இல்லை. புது வடிகாலுக்கு வச்ச காசுதான் மாட்டுப்பட்டுப் போச்சு. திரும்பி வருமோ தெரியாது. வட்டி கூட எண்டு அங்க போடக் கையெழுத்து வச்சது நான்தான்."

இவ்வளவு படித்தவர், துடைப்பக்காரர்களிடம் தன் தப்பைச் சொல்கிறாரே! எனக்குப் புல்லரித்தது. என்னை அறியாமல் கையைத் தூக்கினேன்.

"பொரளி கெளப்புனது நான்தாம்மா."

அவர் என்னையே பார்த்தார். "நீங்கள் பயந்திட்டீங்கள் அக்கா. நான் பயப்படாமல், ஒருத்தரையும் கேக்காமல் கையெழுத்து வச்சிட்டன்."

மண்டோர் ஏட்டைத் திறந்து, அன்றைய வேலைக்கு முதலில் என் பெயரைக் கூப்பிட்டார்.

இன்றும் பயப்படுகிறேன். ஆனால் அதற்காக வெட்கப்படுவதை விட்டுவிட்டேன். பயம் வந்தால், நேரே போய்க் கேட்டுவிடுகிறேன்.